கல்லும் மண்ணும் குடியும்

வகுப்பறையில் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, கல்லும் மண்ணும் தோன்றுவதற்கு முன்பே தமிழன் தோன்றிவிட்டான் என்று நேற்று மேடையிலே பேசினார்களே, அப்படியானால் நம் முன்னோர் எதன்மீது நின்றார்கள்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூமியைப் பாயாகச் சுருட்டி எடுத்துச் சென்றான் இரணியாட்சன் என்று புராணிகர் கதை அளந்தபோது, "சுருட்டியவன் நின்ற இடம் எது?" என்று மடக்கிய இயக்கம் நம் இயக்கம். அதே கேள்வி இன்று நம் வாயிலில் வந்து நிற்கிறது. அயலார் கதைக்கு மட்டுமே அந்தக் கேள்வி, நம் பெருமைக்கு ஆகாது என்போமானால், அதற்குப் பெயர் பகுத்தறிவு அன்று, பங்காளிச் சண்டை!

மேடையில் முழங்கும் அந்தப் பெருமைக்கு மூலம், ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை. முதலில் புலவர்மீது படிந்த பழியைத் துடைப்போம். கல்லும் மண்ணும் தோன்றுமுன் என்று அவர் சொல்லவே இல்லை. கல் தோன்றிய பின், மண் தோன்றாத காலம் என்பதே அவர் கருத்து. சொன்னதை விட்டுச் சொல்லாததைச் சுமத்தியவர்கள் நாம். அந்த வெண்பா இருப்பதோ கரந்தைப் படலத்தில். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் மறவரின் குடிச் சிறப்பைக் கூறும் பாட்டு அது. ஆநிரை மேயப் புல் வேண்டும்; புல் முளைக்க மண் வேண்டும். மாடும் தோலுமாக வாழும் ஆம்பூர் வட்டாரத்தானுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கல் என்பது மலை, மண் என்பது உழுத வயல். உழவுக்கு முந்திய குறிஞ்சி வாழ்வைக் குறித்தது அப்பாட்டு என்று பொருள் கொள்வோர் உண்டு. அது அறிவுக்கு ஒத்த உரை. மற்றபடி அது வீரனைப் புகழ வந்த உயர்வு நவிற்சி. கவிதையைக் கவிதையாகக் கொள்ளாமல், பிறப்புச் சான்றிதழாக நீட்டுவது புலவருக்கும் இழிவு, நமக்கும் இழிவு.

உண்மையான கல்லின் கதை என்ன? மாணவனைச் சன்னலருகே அழைத்துக் குன்றைக் காட்டினேன். நம் பகுதிப் பாறைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவையுடையவை. அவற்றுள் ஒருவகைக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் சோப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையை மூடியிருப்பது இவ்வகைக் கல் என்பதால், 1893-ல் ஓலண்டு என்ற நிலவியலார் இட்ட பெயர் அது. இருபது கிலோமீட்டருக்கும் கீழே, பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருவான கல் இன்று நம் கண்முன் மலையாக நிற்கிறது என்றால், அதன்மேல் கிடந்த கல்லெல்லாம் எங்கே? வெயிலும் மழையும் அரித்து, ஆறுகள் சுமந்து சென்றுவிட்டன. பாறையில் உள்ள பெல்சுபார் மழைநீரில் மக்கிக் களிமண் ஆகிறது. வெங்கச்சங்கல் கரையாமல் மணலாகிறது. வாணியம்பாடிக்கு அருகிலுள்ள ஏலகிரியோ, நிலத்தடியில் உருகிய குழம்பு இறுகி ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. அண்டை மலைகளுக்கு மிக இளையது.

கல் மண்ணாகிறது. மண் புதைந்து, இறுகி, மீண்டும் கல்லாகிறது. திருவக்கரையில் மணலில் புதைந்த மரமே கல்லாகிக் கிடக்கிறது. இந்தச் சுழற்சியில் எந்தக் கல்லுக்கு முன், எந்த மண்ணுக்கு முன் நம் குடியை வைப்பது? பூமியின் அகவை 454 கோடி ஆண்டு; நம் மாந்த இனத்தின் அகவையோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டு. தமிழன் மட்டுமல்ல, எந்த இனத்தானும் கல்லுக்கு மூத்தவன் அல்லன்.

இதனால் நம் பெருமை குன்றிவிடுமா? கீழடியில் கிடைத்த சான்றுகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைக் காட்டுவதாக 2019-ல் அரசின் தொல்லியல் துறை அறிவித்தது. எழுத்துப் பொறித்த பானை ஓடு பேசும்போது, பொய் எதற்கு?

மண்ணுக்கு மூத்தவர் என்று மார்தட்டும் நாம், அந்த மண்ணை வைத்திருக்கும் நிலையையும் பார்க்கவேண்டும். மலைகள் கோடி கோடி ஆண்டுகள் தேய்ந்து தந்த மணல், பாலாற்றின் மணல். அதன் அடியில் ஓடிய ஊற்றுநீர், தோல் பதனிடும் கழிவின் உப்பாலும் குரோமியத்தாலும் கெட்டது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு. அதை அணைக்கச் சொல்லவில்லை. ஓர் அங்குல மண் விளைய நூற்றாண்டுகள் ஆகும்; அது கெட ஒரு தலைமுறை போதும் என்பதை மேடைதோறும் சொல்லுங்கள் என்கிறேன்.

மண்ணுக்கு முன் தோன்றிய குடி என்ற பெயர் நமக்கு வேண்டாம். மண்ணைக் காத்த குடி என்ற பெயர் போதும். அந்தப் பெயரை எந்த மாணவனும் எழுந்து நின்று கேள்வி கேட்டு வீழ்த்த முடியாது.