வரம்பும் எல்லையும்: கணினிக் கலைச்சொல்லாக்கத்தில் ஒரு சிக்கல்

ஒரு துறையின் சொற்களைத் தமிழாக்குவோர் அத்துறையின் பொருளமைதியை முதற்கண் உணர்தல் வேண்டும். சொல்லுக்குச் சொல் வைத்து அமைவோமாயின் சொல் தமிழாகும், பொருள் தமிழாகாது. இக்கருத்தை, கணினியின் உள்ளே நுண்செயலியின் அதிர்வெண்ணை ஆளும் முறையைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நுண்செயலி ஒரு நொடியில் பெறும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கையே அதன் அதிர்வெண் எனப்படும். துடிப்புகளால் செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்பப் பெருகும். அதிர்வெண் தாழின் மின்னழுத்தத்தையும் தாழ்த்தலாம். அதிர்வெண்ணைப் பாதியாகவும் மின்னழுத்தத்தைப் பத்தில் எட்டாகவும் குறைப்பின், அச்செலவு 100-இலிருந்து 32 ஆகும். ஆதலின் வேலை குறைந்த பொழுதில் அதிர்வெண்ணைத் தாழ்த்துதல் மின்கலத்தைக் காக்கும், வெப்பத்தையும் தணிக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கர்னலில் இப்பணி மூன்றாகப் பகுக்கப்பெற்றுள்ளது. இதற்குமேல் ஏறற்க, இதற்குக்கீழ் இறங்கற்க என வரையறுப்பது ஒன்று; அவ்வரையறைக்குள் அவ்வப்பொழுது வேண்டும் அதிர்வெண்ணைத் தேர்வது மற்றொன்று; தேர்ந்ததை வன்பொருளில் நிறைவேற்றுவது பிறிதொன்று. இறுதியதை 'இயக்கி' என வழங்குதல் பொருந்தும். சில இயக்கிகள் தேர்வையும் தாமே மேற்கொள்ளும் எனினும், பொதுநெறி இதுவே. நடுவண் நிற்பது 'கவர்னர்' எனப் பெயர் பெற்றது. இன்டெல் பொறியாளர் வெங்கடேஷ் பல்லிபாடி முதலியோர் எழுதி 2004-இல் கர்னலில் இடம்பெற்ற 'ஆன்டிமாண்ட்' இவ்வகையினது. வேலைப் பங்கீட்டுப் பகுதியிடமிருந்தே நேராகச் செய்தி பெற்றுத் தேரும் 'ஷெட்யூட்டில்' 2016-இல் சேர்ந்தது.

கவர்னர் என்பதனை 'ஆளுநர்' எனப் பெயர்த்தல் எளிது. ஆயின் அஃது இருவகையாற் பிழைபடும். ஒன்று, 'நர்' ஈறு உயர்திணைக்கு உரியது. ஈண்டுச் சுட்டப்படுவதோ அஃறிணைப் பொருள். மற்றொன்று, ஆளுநர் என்ற அளவில் ஆணை பிறப்பிக்கும் தலைமை தோன்றும். இக்கருவிக்கு அத்தலைமை இல்லை. பிறர் வகுத்த வரையறைக்குள் தேர்வதே அதன் தொழில். ஆங்கிலச் சொல்லின் மூலம் கலத்தின் சுக்கான் பிடிப்போனைக் குறித்த கிரேக்கச் சொல் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. 'மீகாமன்' என்னும் நம் பழஞ்சொல் பொருளால் இதற்கு மிக அணித்து. எனினும் அதுவும் உயர்திணையே. இயக்கி, செயலி என்பன போல இகர ஈறு பெற்ற 'நெறிப்படுத்தி' என்பதே தக்கது என்க.

இனி, வரையறை குறித்த சொற்களை நோக்குவாம். கர்னல் இருவகை அளவுகளை வேறுவேறாகக் குறித்து வைக்கிறது. வன்பொருளின் இயல்பால் அமைந்த உச்சமும் தாழ்வும் ஒருவகை. அவற்றினுள் அவ்வப்பொழுது விதிக்கப்படுவன மற்றொருவகை. இரண்டையும் 'எல்லை' என ஒரு சொல்லால் வழங்கின், மாற்றத்தக்கது எது, மாற்ற இயலாதது எது என மாணாக்கர் மயங்குவர். சோளிங்கருக்கு அணித்தாகிய இராணிப்பேட்டையின் தோல் பதனிடும் கூடங்கள் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். சுண்ணாம்பு ஊட்டுங்கால் டிரம்மை மெல்லச் சுழற்றுவர்; விரைந்து சுழற்றின் ஊறிப் பருத்த தோல் உராய்ந்து மேற்புறம் கெடும். மோட்டார் அதனினும் விரைய வல்லது. மோட்டாரின் ஆற்றல் எல்லை. தொழிலறிந்தோர் அந்நிலைக்கு விதித்த அளவு வரம்பு.

எல்லை, வரம்பு என்பன ஒருபொருட் சொற்கள் அல்லவோ எனின், பொது வழக்கில் அவ்வாறே. கலைச்சொல்லில் அவற்றைப் பகுத்துக் கொள்ளுதல் நமக்கு ஆகும். வரம்பு வயலில் உழவன் இட்டது. வேண்டுழி மாற்றி இடத்தக்கது. கர்னலின் நடைமுறையும் இதனோடு ஒக்கும். 2019-ஆம் ஆண்டு முதல் பயன்படுத்துவோர் ஒரு மேல்வரம்பும், வெப்பம் காக்கும் பகுதி வேறொரு மேல்வரம்பும் தனித்தனியே வேண்டலாம். அவற்றுள் தாழ்ந்ததே நிலைபெறும். ஒருவர் தம் வேண்டுகோளைத் தளர்த்தினும் மற்றவரது வேண்டுகோள் அழியாது. இவ்வொழுங்கை 'வரம்பு' என்னும் சொல் விளக்கும்; 'எல்லை' விளக்காது.

பிறிதொரு மயக்கமும் உண்டு. கைப்பேசியில் நிறுவும் மென்பொருளையும் இன்று 'செயலி' என்றே வழங்குகின்றோம். 'செயலி வெப்பமுற்றது' எனின் பொருள் எது? வன்பொருளை 'நுண்செயலி' எனவே குறித்தல் வேண்டும். அதிர்வெண்ணை 'வேகம்' என்றலும் தகாது. ஒரே அதிர்வெண்ணில் இரு நுண்செயலிகள் வெவ்வேறளவு வேலை முடித்தல் கூடும். துடிப்பு ஒன்றில் முடியும் வேலையின் அளவு அமைப்புக்கேற்ப வேறுபடுதலின்.

இவை சொல்லளவில் நிற்கும் குறைகள் அல்ல. தமிழ்வழி பயிலும் ஒருவர் எல்லையை வரம்பென மயங்கின், கருவி சூடேறித் தானே தளர்ந்ததைப் பழுதெனக் கொள்வர். நெறிப்படுத்தியைத் தலைமை எனக் கருதின், தவற்றை வேறிடத்தில் தேடுவர். வகுப்பது, தேர்வது, நிறைவேற்றுவது என்னும் மூன்றனையும் கலவாது காக்கும் சொற்களே இத்துறைக்கு வேண்டுவன. இலக்கணம் கற்றோரும் பொறியியல் கற்றோரும் ஓரிடத்து அமர்ந்து ஆய்ந்தாலன்றி அவை அமையா என்பது எம் துணிபு.