மறியல் வாசலும் பூக்களும்

‘பூவையும் மழையையும் வரைஞ்சுக்கிட்டு உட்காந்திருந்தா விடுதலை வந்துடுமா?’ தலித் கலை பற்றிய கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கேள்வியில் நியாயம் உண்டு. 1960களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களும் இதையே தங்களுக்குள் கேட்டுச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே பூக்களை வரைந்தவர் ஆல்மா தாமஸ்.

1891இல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸில் பிறந்தவர். அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி கிடையாது. அருங்காட்சியகத்துக்குள் கால் வைக்க முடியாது. 1906இல் அட்லாண்டாவில் வெள்ளையர் கும்பல் வெறியாட்டம் ஆடியது. மறு ஆண்டு குடும்பம் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஹோவர்ட் பல்கலைக்கழக நுண்கலைத் துறையின் முதல் பட்டதாரி (1924). பிறகு ஏறக்குறைய 35 ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நாம் பேசுகிற ஓவியங்கள் 1960இல் ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவலியோடு வரைந்தவை.

வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஹாலி மரம். இலைகளுக்கிடையே நுழைந்து வரும் வெளிச்சம்தான் அவருக்குப் பாடம். மரத்தை மரமாக வரையவில்லை. சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்களைப் பத்தி பத்தியாக, சில படங்களில் வட்டம் வட்டமாக அடுக்கினார். ‘ஐரிஸ், டூலிப், ஜான்குவில், குரோக்கஸ்’ (1969) வசந்தகாலத்துப் பூப்பாத்தி. ஆனால் இதழோ காம்போ இல்லை, நிறம் மட்டும் வரிசை வரிசையாக இறங்குகிறது. ‘காற்றில் படபடக்கும் இலையுதிர்கால இலைகள்’ 1973இல் வரைந்தது. ‘ராக் அண்ட் ரோல் இசைக்குப் பாடி ஆடும் சிவப்பு அசேலியாக்கள்’ (1976) 13 அடிக்கு மேல் அகலம். வெள்ளைப் பரப்பில் சிவப்புத் துண்டுகள் நெருங்கியும் விலகியும் ஆடுகின்றன. அப்போது அவருக்கு வயது 85ஐ ஒட்டி.

இவர் அரசியல் தெரியாதவர் அல்ல. 1963 வாஷிங்டன் பேரணியில் நடந்தவர், அடுத்த ஆண்டு அதை ஓவியமாகவும் தந்தவர். அதன்பின்தான் பருவங்களுக்குத் திரும்பினார்.

1972இல், 80 வயதில், நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி. அங்கே அப்படி வைத்த முதல் கறுப்பினப் பெண் இவர்தான். அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. 1968இல் விட்னி நடத்திய 1930களின் அமெரிக்கக் கலைக் கண்காட்சியில் ஒரு கறுப்பினக் கலைஞர்கூட இல்லை. கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். விடாமல் நெருக்கிய பிறகே கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனிக்கண்காட்சிகள் கிடைத்தன. கோஷம் போட்டவர்கள் திறந்த வாசல் வழியேதான் இந்தப் பூக்கள் உள்ளே போயின. ‘இந்தம்மாவைப் பாருங்க, கோபமே இல்ல’ என்று மேட்டுக்குடி விமர்சகர் நம்மிடம் பாடம் நடத்த வந்தால், இந்த வரலாற்றைத்தான் எடுத்துப் போட வேண்டும்.

அதே 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது, பிளாக் பேந்தர்ஸ் பெயரை ஏந்தி. நாம் அவர்களிடமிருந்து கோபத்தை எடுத்துக்கொண்டோம். பருவங்களை எடுத்துக்கொள்ளவில்லை. எம்.ஏ. வகுப்பில் பெரும்பொழுது ஆறையும் மனப்பாடம் செய்தோம். கார்காலம் தலைவி காத்திருக்கும் காலம் என்றார்கள். அதே மழையில் முழங்கால் சேற்றில் நிற்கிறவளுக்கு அது என்ன காலம்? யாரும் கேட்டதில்லை.

‘ஒங்க வலிய நீங்க எழுதுங்க, அழக நாங்க பாத்துக்கிறோம்’ என்பதும் சாதிய வேலைப் பிரிவினைதான். இதற்கு நாமே தலையாட்டக் கூடாது. நம் பத்திரிகை அட்டைகளில் உடைந்த விலங்கும் உயர்ந்த முஷ்டியும் வந்திருக்கின்றன, இன்னும் வரட்டும். கூடவே, சேரிப் பூவரசு பூத்ததை, நடவு வயலில் மேகம் கவிந்ததை ஒருவர் வரைந்து அனுப்பினால் ‘இதுல தலித் எங்க?’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்த வானம் எந்த நிறம் என்று அவர்தான் சொல்ல முடியும்.