ஒழுங்கற்ற சாலகத்தில் ஒளி

ஒளி தடையின்றிச் செல்லும் இயல்பினது என்பது பொதுவழக்கு. ஆயினும், முறிவுச் சுட்டி ஒழுங்கின்றி மாறும் ஊடகத்திற் பல வழிகளாற் செல்லும் அலைகள் தம்முள் தலையிட்டு, ஒளியை ஓரிடத்திலேயே சிறைப்படுத்தல் கூடும். இலத்திரன்களைக் குறித்து 1958இல் பிலிப் அன்டர்சன் வெளியிட்ட இக்கொள்கை, 1989இல் டி றீட் முதலியோரால் ஒளிக்கற்றையின் குறுக்குப் பரவலுக்கும் பொருத்தப்பட்டது. கற்றை முன்னோக்கிச் செல்லும் தூரமே ஆங்குக் காலத்தின் இடத்தை வகிக்கும்.

2007இல் இஸ்ரேல் நாட்டுச் சுவார்ட்ஸ், பார்ட்டல், ஃபிஷ்மன், செகெவ் என்னும் நால்வர் இதனைப் பரிசோதனையாற் காட்டினர். படிகத்தினுள் ஒளியாலேயே சாலகம் அமைத்து, அதன் ஒழுங்கைப் படிப்படியாகக் குலைத்து, பல சாலகங்களிற் பெற்ற அளவுகளைச் சராசரியாக்கியமை அவ்வாய்வின் தனிச்சிறப்பாகும். தனியொரு சாலகத்தின் தற்செயலான வடிவம் முடிவை மயக்காதவாறு காத்தது இம்முறையே.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு நுணுகி ஆராய்தற்குரியது. செறிவு மிகும்போது ஊடகத்தின் முறிவுச் சுட்டியும் மிகுமாயின், கற்றை தன்னைத்தானே குவித்துக்கொள்ளும். நேர்விகிதமுறா இவ்விளைவு சிறைப்பாட்டை வலுப்படுத்துகின்றது என அவர்கள் கண்டனர். மறுதலையாக, அத்தகைய விளைவு ஓர் எல்லையைக் கடப்பின் சிறைப்பாடு குலைந்து அலை பரவுமெனப் பிக்கோவ்ஸ்கி, செப்பெல்யான்ஸ்கி ஆகிய இருவர் 2008இற் கணினிக் கணக்கினாற் காட்டினர். இவற்றுள் எதனைக் கொள்வது?

இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. இவை பேசும் தூரங்களே வேறு. 2009இல் ஃபிளாக் முதலியோர் செய்த கணிப்பின்படி, பரவலின் அகலத்தின் வர்க்கம் காலத்தின் மூன்றாம் மூலத்துக்கு நேர்விகிதமாக வளரும். அதாவது, அகலம் இருமடங்காவதற்குக் கற்றை 64 மடங்கு தூரஞ் செல்லல் வேண்டும். 10 மில்லிமீற்றர் நீளமுள்ள படிகம் அம்மெல்லிய கசிவைக் காட்டுமென எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஆதலின் பரிசோதனையாளர் கண்டது பொய்யன்று. அதனை எல்லாத் தூரங்களுக்கும் விரித்துரைப்பதே குற்றம். கணக்காளர் கூற்றுக்கும் இவ்வரம்பு உண்டு. கணினி எத்துணை நீண்ட காலத்தைக் கணித்தாலும் அது முடிவுள்ள காலமே. பரவல் ஒருபோதும் நில்லாதென்பது அதனால் நிறுவப்படாது. எத்துணைத் தூரம் அளக்கப்பட்டதென்பதையும் முடிவோடு சேர்த்துக் கற்பதே விஞ்ஞான மாணவர்க்கு இவ்வழக்குத் தரும் பாடமாகும்.