திருப்பனந்தாள்: கோயிலும் மடமும் காணும் முறை

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர் திருப்பனந்தாளை நிற்காமலே கடந்துவிடுவது வழக்கம். பழைய கோயிலொன்றையும் இன்றும் இயங்கிவரும் மடமொன்றையும் ஒரே ஊரில் கண்டு பயிலத்தக்க இடம் இது. இவ்வூரைக் காண வருவோர்க்குத் தலவரலாற்று நூல்களும் பயணக் கையேடுகளும் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கோயிலைப் பொறுத்தவரை அந்நூல்கள் தம் பணியைச் செவ்வனே செய்கின்றன. செஞ்சடையப்பர் என்றும் அருணசடேசுவரர் என்றும் வழங்கும் இறைவன் ஞானசம்பந்தரால் பாடப் பெற்றவர். ஊர் பனந்தாள், கோயில் தாடகையீச்சரம், பனையே தலமரம். சாய்ந்திருந்த இலிங்கத்தை யானைகளைப் பூட்டியும் அரசனால் நிமிர்த்த இயலவில்லை என்பதும், குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுக்க அது நிமிர்ந்தது என்பதும் பெரியபுராண மரபு. படைவலிமை தோற்ற இடத்தில் அன்பு வென்றது என்னும் கருத்தை வருவோர் எளிதில் உணர்ந்துகொள்கின்றனர்.

காசித் திருமடத்தைப் பற்றி எழுதும்போதுதான் அக்கையேடுகள் தடுமாறுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். தருமபுரம் மாசிலாமணி தேசிகரிடம் உபதேசம் பெற்றவர். காசிக்குச் சென்று அங்கு மடம் நிறுவியவர். காசியில் தொடங்கிய அறங்களின் தொடர்ச்சியாக 18ஆம் நூற்றாண்டில் திருப்பனந்தாள் மடம் உருவாயிற்று. குமரகுருபரர் கலைமகளைப் பாடி இந்துஸ்தானி மொழியறிவு பெற்றார் என்றும், சிங்கத்தின்மீதேறி முகலாய ஆட்சியாளரின் அவைக்குச் சென்றார் என்றும், அவ்வாட்சியாளர் மடத்திற்கு இடம் வழங்கினார் என்றும் மரபு கூறுகிறது. அந்த ஆட்சியாளரை டில்லி பாதுஷா என்று சிலரும் தாரா ஷுகோ என்று சிலரும் குறிப்பர்.

கையேடுகள் சிங்கத்தையே பெரிதாக்குகின்றன. அதனால் ஒரு சந்திப்பு போட்டியாகவும், ஒரு கொடை தோல்வியின் விலையாகவும் சுருங்கிவிடுகின்றன. இவ்வரலாற்றின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது என்பது நம் கருத்து. தமிழ்த் துறவி ஒருவர் அயலாரின் அவையில் பேசுவதற்கு அவர்தம் மொழி வேண்டும் என்று உணர்ந்தார்; சைவ மடத்திற்கு முஸ்லிம் ஆட்சியாளர் நிலம் ஈந்தார். மரபு தன்னளவிலேயே இவ்விரண்டையும் காத்து வைத்துள்ளது. அக்காலச் சூழலும் இதற்கு முரணானதன்று. தாரா ஷுகோ காசிப் பண்டிதர்களின் துணையுடன் 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தார் என்பது வரலாறு. இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் கொல்லப்பட்டார்.

மடங்களையும் தேவாலயங்களையும் வெற்றிச் சின்னங்களாகவே காணும் பார்வை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சோழர் கற்றளிகளை எழுப்பிய 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வட ஸ்பெயினில் ரோமனெஸ்க் பாணித் தேவாலயங்களும் மடங்களும் எழுந்தன. அவற்றை முஸ்லிம்களுக்கு எதிரான போரின் அடையாளங்களாக மட்டும் விளக்குவோர் உண்டு. ஆனால் சோரியா நகரின் சான் உவான் தே துவேரோ மடத்து முற்றத்தில் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் வளைவுகள் கோர்தோபாப் பள்ளிவாசலை நினைவூட்டுகின்றன. சீலோஸ் மடம் போற்றிக் காத்த தந்தப் பேழை, 1026இல் குவென்கா நகரில் முஹம்மது இப்னு ஸையான் என்னும் கலைஞர் செய்தது. பிற்காலத்தில் அதன்மீது கிறித்தவ உருவங்கள் பொறித்த தகடுகள் சேர்க்கப்பட்டன. எனினும் அக்கலைஞரின் கைவண்ணம் மறையவில்லை. இன்று அது பூர்கோஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. போர் நிகழ்ந்த நிலத்திலேயே கலை எல்லை கடந்தது என்பதற்கு இப்பேழை சான்று.

இத்தகைய பரிமாற்றம் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. குமரகுருபரர் காசிக் கலம்பகம் பாடினார்; அதே இலக்கிய வகையில் நம் புலவர்கள் மக்காவையும் மதீனாவையும் பாடினர். நாகூர் தர்காவின் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பினார். அதை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். அந்நன்றியை எவரும் நம் தோல்வியாகக் கருதுவதில்லை. காசியில் ஈந்த நிலத்தையும் அதே கண்கொண்டு காண்பதே நீதி.

ஆகவே திருப்பனந்தாளுக்குச் செல்வோர் கோயிலைக் கண்டபின் மடத்தையும் காணவேண்டும். தமிழ்க் கல்வியையும் நூற்பதிப்பையும் அம்மடம் பேணிவந்துள்ளது, உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குமரகுருபரர் பிரபந்தத் திரட்டு அதன் ஆதரவில் வெளிவந்ததே. இனி எழுதப்படும் கையேடுகள் சிங்கத்தின் கதையை நீக்க வேண்டியதில்லை. கற்ற மொழிக்கும் ஈந்த நிலத்திற்கும் அக்கதைக்கு இணையான இடம் அளித்தால் போதும். அவ்வாறு எழுதப்படின், இவ்வூர் வழியே செல்லும் முஸ்லிம் இளைஞன் ஒருவன் இதனை அயலார் இடமாகக் கருதாமல் தன் வரலாற்றின் ஒரு பகுதியாகவும் அறிந்துகொள்வான்.