காலவரிசையும் பதிவுத் தேதியும்

"எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?" என்ற கேள்வி இன்று ஏதோ ரசனை சம்பந்தப்பட்ட கேள்விபோலக் கேட்கப்படுகிறது. பதிலும் பட்டியலாகத் தயாராக இருக்கிறது. அமெரிக்க மார்வல் கம்பெனியின் அதிமனிதப் படங்கள், அவற்றின் வால்களாக வந்த தொலைக்காட்சித் தொடர்கள், இவை எல்லாவற்றையும் கதைக்குள் எது முன்னால் நடந்ததோ அதை முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது பட்டியல். நம் ஊரில் லோகேஷ் கனகராஜின் படங்களுக்கும் இப்படி ஒன்று போடுகிறார்கள். சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது நமக்குச் சௌகரியம். ஆனால் இந்த விளையாட்டின் அடியில் கதை என்றால் என்ன என்பது பற்றிய ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அந்த அபிப்பிராயம் தவறானது. சினிமாவுக்கு வெளியிலும் அதற்கு நடமாட்டம் உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 2008இல் 'அயர்ன் மேன்' தொடங்கி 2019 முடிய 23 படங்கள். 2021இல் 'வாண்டாவிஷன்' முதற்கொண்டு புதிய தொடர்களும் அதே கதைக்கணக்கில் சேர்ந்துகொண்டன. வெளியான வரிசையில் ஐந்தாவதாக 2011இல் வந்த முதல் 'கேப்டன் அமெரிக்கா' இரண்டாம் உலக யுத்த காலத்தில் நடக்கிறது. ஆகவே கதை வரிசையில் அந்த 23க்கும் தலையாகிவிடுகிறது. இருபத்தொன்றாவதாக 2019இல் வந்த 'கேப்டன் மார்வல்' 1995இல் நடப்பதால் இரண்டாவது இடத்துக்கு ஏறிவிடுகிறது. ரசிகர்கள் தொடங்கிய இந்தக் காரியத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு, தன் ஒளிபரப்புத் தளத்தில் இந்த வரிசைப்படி அடுக்கிக் காட்டியது. 2023இல் அதிகாரபூர்வமான காலவரிசைப் புத்தகம் ஒன்றும் வந்தது.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. எங்கள் கணக்கில் ஒரு பதிவுக்கு இரண்டு தேதிகள் உண்டு. எழுதப்பட்ட தேதி ஒன்று. பணம் எந்த நாளிலிருந்து கணக்கில் இருந்ததாகக் கொள்ள வேண்டுமோ அந்தத் தேதி மற்றொன்று. இதை நாங்கள் 'வேல்யூ டேட்' என்போம். போன மாதம் வரவு வைத்திருக்க வேண்டிய தொகையை இன்று வரவு வைத்தால் வட்டி போன மாதத்திலிருந்து ஓடும். ஆனால் எழுதியது இன்றுதான் என்பதும் கணக்கில் நிற்கும். ஆடிட்டர் இரண்டையும் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் அவருடைய கேள்விகள் பிறக்கின்றன: ஏன் இப்போது எழுதினீர்கள்? யார் சொல்லி எழுதினீர்கள்? 'கேப்டன் மார்வல்' 1995ஆம் வருஷத்து வேல்யூ டேட் போட்டு 2019இல் எழுதப்பட்ட பதிவு. காலவரிசைப் பட்டியல் செய்வதெல்லாம், வேல்யூ டேட்டை வைத்துக்கொண்டு பதிவுத் தேதியை அழித்துவிடுவது. வங்கியில் இந்தக் காரியத்துக்கு வேறு பெயர்.

நடந்தது வேறு, நடந்ததைச் சொல்லும் அமைப்பு வேறு என்று ரஷ்ய உருவவாதிகள் நூறு வருஷத்துக்கு முன்பே பிரித்துக் காட்டினார்கள். அதைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை; இடம் மாறினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். நிக் ஃப்யூரி என்று ஓர் ஒற்றைக்கண் அதிகாரி. யாரையோ நம்பியதால் கண்ணை இழந்ததாக 2014இல் வந்த படத்தில் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியம் அந்த முகத்துக்கு ஓர் இறந்தகாலத்தைக் கொடுக்கிறது. ஐந்து வருஷம் கழித்து வந்த படத்தில், கண்ணைப் பிறாண்டியது பூனை உருவில் இருந்த ஒரு பிராணி என்று தெரியவருகிறது. வந்த வரிசையில் பார்த்தவனுக்கு இது நல்ல கேலி. அதிகாரத்தின் கம்பீரம் ஒரு பூனைக்கீறலின் மேல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. கதை வரிசையில் பார்ப்பவனுக்குப் பூனை முதலிலேயே வந்துவிடுகிறது. பிறகு அந்தக் கனத்த வாக்கியம் வரும்போது அது வெறும் பொய்யாக விழுகிறது. காட்சிகள் அதே இரண்டுதான்.

இன்னொன்று. 2019இல் வந்த 'எண்ட்கேம்' படத்தில் நடாஷா இறந்துவிடுகிறாள். அவளைப் பற்றிய 'பிளாக் விடோ' வந்தது 2021இல். கதையோ 2016க்கு உரியது. நாம் பார்ப்பது இறந்துவிட்டவளை. அவள் தங்கையோடு சண்டை பிடிப்பதும் சிரிப்பதும் நம் ஒப்பாரியில் இறந்தவரின் நேற்றைய சிரிப்பு சொல்லப்படுகிறதே, அந்தத் தன்மையைப் பெற்றுவிடுகின்றன. கதை வரிசையில் வைத்தால் அதே படம் இன்னொரு சாகசம், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, படத்தின் கடைசித் துணுக்கில் அவள் கல்லறை வருகிறது. பட்டியலை நம்பிப் பார்ப்பவர் அந்தத் துணுக்குக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

'கதை குழப்பமில்லாமல் புரியும்' என்பது பட்டியல்காரர்களின் வாதம். கம்பெனிக்கே அது புரிந்திருக்கவில்லை. 2017இல் வந்த ஸ்பைடர்மேன் படம் 2012 யுத்தத்தின் இடிபாடுகளில் தொடங்கி, 'எட்டு வருஷம் கழித்து' என்று எழுத்துப் போடுகிறது. அப்படியானால் 2020. ஆனால் கதை நடப்பதோ 2016 நிகழ்ச்சிகளுக்கு அடுத்தாற்போல. காலவரிசை என்பது படங்களுக்கு அடியில் முன்கூட்டியே ஓடிய தண்டவாளம் அல்ல, பிற்பாடு சரிக்கட்டிய கணக்கு என்பதற்கு இதற்கு மேல் சாட்சியம் வேண்டாம். 2021இல் வந்த 'லோகி' தொடரில், காலத்தின் ஒரே புனிதத் தடத்தை விட்டு விலகும் கிளைகளை வெட்டித் தள்ளுவதற்கென்றே ஓர் ஆபீஸ் வருகிறது. மேஜைகள், கோப்புகள், குமாஸ்தாக்களோடு. தங்களை அறியாமல் எடுத்த சுயவிமர்சனம் என்று எண்ணத் தோன்றுகிறது.

வெளியான வரிசையே வேதம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து ரசிகன் எந்த வரிசையிலும் படம் பார்த்தவன் அல்ல. எம்.ஜி.ஆர். 1987இல் மறைந்தார். அவர் படங்கள் மறையவில்லை. பல வருஷங்களுக்குத் தியேட்டர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தன. படப்பெட்டி வந்ததுதான் வரிசை. 1973இன் 'உலகம் சுற்றும் வாலிபன்' பார்த்தவன் அடுத்து 1958இன் 'நாடோடி மன்னன்' பார்ப்பான். ஆனால் எது பழசு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த முகம் சொல்லும். பிரதியின் கீறல்கள் சொல்லும். பதிவுத் தேதி படத்தின் உடம்பிலேயே இருந்தது. எந்த வரிசையில் பார்த்தாலும் அது அழியவில்லை. இன்றைய பட்டியல் அழிப்பது இதைத்தான்.

இதே அழிப்பு தமிழில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. பழைய குரலுக்குப் பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து அதே குரல் 'விக்ரம்' படத்தில் சந்தனம் என்ற போதைமருந்து வியாபாரியுடையதாகி, எங்கள் தெருக்களில் டிரெய்லர்களின் மேல் நாள் முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கும் அதே கண்டெய்னர்களுக்கு நடுவே வந்து முடிந்தது. 'விக்ரம்' 2022 ஜூனில் வெளியாவதற்கு முன், 'கைதி'யை இன்னொருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று இயக்குநரே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். பார்க்கும் வரிசை தமிழ் சினிமாவில் இவ்வளவு வெளிப்படையாக ஒரு வேண்டுகோளானது வேறெப்போதும் என் நினைவில் இல்லை. அதோடு நிற்கவில்லை. 1986இல் ராஜசேகர் இயக்கி சுஜாதா எழுதிய 'விக்ரம்' படத்து ஏஜெண்டையே முப்பத்தாறு வருஷம் மூப்பாக்கிப் புதிய படம் தன் 'பிரபஞ்ச'த்துக்குள் இழுத்துக்கொண்டது. சுஜாதா 2008இல் காலமாகிவிட்டார். தான் எழுதியது ஒரு பெரிய கணக்கின் முதல் வரி என்று அவருக்குத் தெரியாது. கமல்ஹாசனின் நரை உண்மை. அந்த முப்பத்தாறு வருஷமும் உண்மை. அதைப் படம் உபயோகித்துக்கொண்டதில் தப்பில்லை. ஆனால் 1986 படத்தை 'முதல் பாகம்' என்று பட்டியலில் சேர்க்கும்போது, தன் காலத்தின் அசட்டுத்தனங்களோடு தனியாக நின்ற ஒரு படம் பிற்காலப் படம் ஒன்றின் அடிக்குறிப்பாகிவிடுகிறது.

'லியோ' (2023) பட்டியல்காரர்களுக்குச் சரியான சோதனை. நாயகனின் பூர்வ கதை அதில் ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாக வருகிறது. அந்த வாய்மொழி பொய்யாகவும் இருக்கலாம் என்று படம் வெளியான பிறகு இயக்குநர் பேட்டியில் சொன்னார். பொய்யான சம்பவத்தைக் காலவரிசையில் எங்கே வைப்பது? அது நடந்த தேதி கிடையாது. சொல்லப்பட்ட தேதிதான் உண்டு.

இவற்றில் நான் மதிப்பது 'கைதி'யை. 2019 தீபாவளிக்கு வந்தபோது அது எந்தப் பிரபஞ்சத்துக்கும் சொந்தமல்ல. ஒரே இரவு. பத்து வருஷ ஜெயிலிலிருந்து வந்தவன், இதுவரை பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போகிறான். அவன் பழைய கதை காட்சியாக வரவில்லை. லாரிப் பயணத்தின் நடுவே அவனே வாயால் சொல்கிறான். நாம் பார்ப்பது இறந்தகாலத்தை அல்ல, சொல்பவன் முகத்தை. வியாபார சினிமாவில் இது அபூர்வமான நிதானம். வரிசை போடும் மனசுக்கு இது பொறுப்பதில்லை. அதற்கு டில்லியின் பூர்வகதை ஒரு காலி இடம். அதற்கென்று தனிப்படம் வந்து பட்டியலில் 'கைதி'க்கு முன்னால் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்துவிட்டால் லாரியில் அவன் பேசுவது ஏற்கெனவே பார்த்ததன் சுருக்கமாகிவிடும். மௌனங்களையெல்லாம் நிரப்ப வேண்டிய காலியிடங்களாகப் பார்ப்பதுதான் இந்த வரிசைப் பித்தின் உண்மையான சேதம்.

இளங்கோவிடம் இந்த விஷயத்தில் கற்க நிறைய இருக்கிறது. கோவலன் யானையிடமிருந்து ஒரு கிழவனைக் காப்பாற்றியது, கீரியைக் கொன்ற பார்ப்பனியின் பாவம் தீரப் பொருள் கொடுத்தது இவையெல்லாம் புகாரில் நடந்தவை. புகார்க் காண்டத்தில் அவை இல்லை. பதினைந்தாவதான அடைக்கலக் காதையில் மாடலன் வாயால் வருகின்றன. அடுத்த காதை கொலைக்களம். மாதவி வீட்டிலும் கடற்கரையிலும் மட்டுமே நாம் அறிந்திருந்த மனிதன் நல்லவன் என்று சாவுக்கு முந்திய நிமிஷத்தில் தெரியவருகிறது. அதைவிட முக்கியம் கட்டுரை காதை. சிங்கபுரத்தில் பரதனாக இருந்த பழம்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பிடித்துக்கொடுத்துக் கொல்வித்தவன் கோவலன். சங்கமன் மனைவி நீலியின் சாபம்தான் இது என்று மதுராபதி சொல்வது இருபத்துமூன்றாவது காதையில், மதுரை எரிந்த பிறகு. பதிகம் இதை முன்பே சொல்லிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் பதிகம் சொல்வது செய்தி. காவியத்தின் அனுபவத்துக்குள் அது வந்து சேரும் இடம் வேறு.

காலவரிசைக்காரனிடம் கொடுத்தால் சிலப்பதிகாரம் சிங்கபுரத்தில் ஆரம்பிக்கும். கதை தெளிவாகப் புரியும். கோவலன் செய்தான், அனுபவித்தான். பாண்டியன் சபையில் கண்ணகி நிற்கும்போது அவள் கேள்விக்குப் பதில் நம் கையில் தயாராக இருக்கும். அவள் கோபம் விவரம் தெரியாதவளின் கோபமாகிவிடும். இளங்கோ காரணத்தை மறைக்கவில்லை. கோபம் தன் வேலையை முடித்த பிறகு அதைக் கொண்டுவந்து வைக்கிறார். அவ்வளவு தாமதமாக வரும் காரணம் எதையும் அணைக்க முடிவதில்லை. ஊழைப் பற்றிய காவியம் ஊழின் பிரசாரமாக ஆகாமல் தப்பியது இந்த வரிசையால்.

காரணம் முதலில் வந்துவிட்டால் கோபத்துக்கு இடமில்லை என்பது காவியத்துக்கு மட்டும் உரிய சங்கதியல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. இதுபோன்றவற்றை அறிக்கையாக எழுதும்போது புயல், மழை, வெள்ளம், எண்ணெய் என்று வரும். காலவரிசை சுத்தமாக இருக்கும். படித்து முடிக்கும்போது குற்றவாளி வானம் என்று தோன்றும். மீனவர் சொல்லும்போது கறுத்த வலையில் ஆரம்பிக்கிறார்; படகில், கையில், நாற்றத்தில் ஆரம்பிக்கிறார். அங்கிருந்து பின்னால் போகிறார். போகப் போக வானத்தைத் தாண்டி மணலி ஆலைப் பக்கம் போய்ச் சேருகிறார். இரண்டிலும் சம்பவங்கள் அவையேதான். எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதில் யார் பொறுப்பு என்பது அடங்கியிருக்கிறது. கதை கேட்கும் பழக்கம் உள்ள சமூகத்துக்கு இது தெரியும். எதையும் நடந்தபடி அடுக்கித் தந்தால்தான் புரியும் என்று பழக்கப்படுத்தப்பட்ட சமூகத்துக்கு அறிக்கைதான் புரியும், வலை புரியாது.

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் போனில் பட்டியல் வைத்திருக்கிறார். பார்த்ததற்கு எதிரில் டிக். இன்னும் எத்தனை மிச்சம் என்று சொல்கிறாரே தவிர எது பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. குற்றம் அவருடையதல்ல, பார்ப்பதை ஒரு பாக்கியாக அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, எது முதலில் கிடைக்கிறதோ அதை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அது எப்போது, யாரால், எதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டில்லி லாரியில் பேசட்டும். அதைப் படமெடுத்துக் காட்ட வேண்டாம்.