மன்ரோவானியின் வயலின்களும் எமது ஞாபகங்களும்

நாம் வேலை செய்யும் றெஸ்ரோறண்டில் இரண்டு விதமான இசை உண்டு. குசினிக்குள் எமது பாட்டுக்கள். கதவுக்கு அப்பால், ஆட்கள் இருந்து சாப்பிடும் மண்டபத்தில், யாருமே காது கொடுத்துக் கேட்காத ஆனால் நின்றுவிட்டால் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற வயலின் இசை. கோப்பைகளுடன் கதவைத் தள்ளிப் போய்வரும்போது அது துண்டுதுண்டாக எமது காதில் விழும். அதை நாம் நெடுங்காலம் இசையென்றே மதிக்கவில்லை. சுவருக்குப் பூசிய நிறம்போல அதுவும் ஒன்று என்றிருந்தோம். இவ்வகை இசையின் மூலவர்களில் ஒருவரான மன்ரோவானியைத் தேடிப்பிடித்துக் கேட்டபோதுதான் எமது அலட்சியம் அவ்வளவு சரியானதல்ல என்று பட்டது.

அனுன்சியோ பாவ்லோ மன்ரோவானி 1905இல் வெனிஸில் பிறந்தவர். தந்தையார் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் ரொஸ்கனினியின் கீழ் வாசித்த வயலின் கலைஞர். 1912இல் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. மகன் 16 வயதில் மக்ஸ் புரூக்கின் வயலின் கொன்சேர்ட்டோவை மேடையில் வாசித்தார். ஆயினும் அவருக்குச் சோறு போட்டது கொன்சேர்ட்டோ அல்ல, ஹொட்டல்களும் றெஸ்ரோறண்டுகளும்தான். முப்பதுகளில் 'ரிப்பிக்கா' என்ற பெயரில் அவர் நடத்திய குழு பிபிசி வானொலியிலும் ஒலித்தது. 1933இல் பிரித்தானியப் பிரஜையானார். யுத்தத்தின் பின் நோயல் கவர்டின் 'பசிபிக் 1860' (1946), 'ஏஸ் ஒஃப் கிளப்ஸ்' (1950) ஆகிய இசைநாடகங்களுக்கு இசை நெறியாள்கை செய்தார். அதாவது உலகம் அவரை அறியும்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து கடந்துவிட்டது. வாழ்வின் பெரும்பகுதியை மற்றவர்களின் சாப்பாட்டுக்கும் நாடகத்துக்கும் பின்னணியாக இருந்தே கழித்திருந்தார்.

1951இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த 'சார்மெய்ன்' எல்லாவற்றையும் மாற்றியது. அது 1926ஆம் ஆண்டின் ஊமைப்படம் ஒன்றுக்காக எழுதப்பட்ட பழைய மெட்டு. அதனைப் புதிதாக்கியவர் ரொனால்ட் பிஞ். டேர்பி நகரச் சினிமாக் கொட்டகையொன்றில் ஊமைப்படங்களுக்கு ஓர்கன் வாசித்தவர். முப்பதுகளிலிருந்தே மன்ரோவானியின் குழுவில் அக்கோர்டியன் வாசித்தும் இசைக்கோர்ப்புச் செய்தும் வந்தவர். பெரிய தேவாலயமொன்றில் ஒலி எதிரொலித்து நிற்பதுபோன்ற ஓசையை அவர் கருவிகளாலேயே உண்டாக்க விரும்பினார். வெனிஸின் சென் மார்க் தேவாலயத்துக்காக மொன்ரவேர்டி எழுதிய இசைதான் அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது.

செய்முறை எளிமையானது. வயலின்களைப் பல பிரிவுகளாகப் பிரித்தார். முதற் பிரிவு மெட்டின் முதற் சுரத்தை வாசித்து அதனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அது ஓயுமுன் இரண்டாம் பிரிவு அடுத்த சுரத்தைத் தொடும். பிறகு மூன்றாம் பிரிவு. சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து, அருவி விழுவதுபோன்ற ஓசை எழும். இதில் எந்த ஒலிப்பதிவு இயந்திரத்தின் தந்திரமும் இல்லை. எல்லாமே காகிதத்தில் எழுதப்பட்டவை. கேட்பவருக்கு முழுப் பாட்டும் கேட்கும். ஆனால் வாசிப்பவர்களில் ஒருவர்கூட முழுப் பாட்டையும் வாசிப்பதில்லை. ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் இறைச்சி வெட்ட, ஒருவர் கோப்பை கழுவ, சாப்பாடு வேறொருவர் பெயரில் மேசைக்குப் போகிற இடத்தில் நிற்கும் எமக்கு இது விளங்காத விடயமல்ல.

இசைத்தட்டின் மேலுறையில் இருந்த பெயர் மன்ரோவானியுடையது. 1953இல் ஜோர்ஜ் ஓரிக்கின் 'மூலான் றூஜ்' திரைப்பட மெட்டை அவரது குழு வாசித்த தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாடுகுரல் இல்லாத இசையொன்று அந்த இடத்தைப் பெற்றது அதுவே முதற்தடவை. 1957இல் 'ஃபிலிம் என்கோர்ஸ்' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பிஞ் விலகிச் சென்று தன் வழியில் எழுதினார். 1963இல் அவர் எழுதிய 'செய்லிங் பை' பல்லாண்டுகளாக பிபிசி றேடியோ 4இல் நள்ளிரவுக் கடல் வானிலை அறிக்கைக்கு முன் ஒலித்து வந்தது. அதைக் கேட்ட எத்தனையோ பேருக்கு அவர் பெயர் தெரியாது.

மன்ரோவானியைக் கைதேர்ந்தவரல்ல என்று எவரும் சொல்ல முடியாது. வில்லின் அழுத்தம், குழுவின் ஒழுங்கு, ஒலியின் சுத்தம் எல்லாம் உயர்தரமானவை. எமது குற்றச்சாட்டு வேறு. எந்த நாட்டுப் பாட்டென்றாலும், கண்ணீரென்றாலும் களியாட்டமென்றாலும், இந்த அருவியில் இறங்கி ஏறும்போது ஒரே ஈரத்துடனேயே வருகிறது. எதிரொலி சுரத்தைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் பெரிய கோவிலுக்குள் ஒருவர் பேசும்போது ஓசை எங்கும் நிறைந்திருக்க, சொல் மட்டும் பிடிபடாமற் போவதை நாம் அறிவோம்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். 1940 ஜூன் 10இல் முசோலினி யுத்தப் பிரகடனம் செய்ததும் பிரித்தானியாவிலிருந்த இத்தாலியரின் கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் பிடித்து அடைக்கப்பட்டனர். அவர்களிற் பலர் ஹொட்டல்களிலும் கோப்பிக் கடைகளிலும் வேலைசெய்தவர்கள். ஒரு பகுதியினரைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற 'அரண்டோரா ஸ்ரார்' கப்பலை ஜூலை 2இல் ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கியது. 400க்கு மேற்பட்ட இத்தாலியர் கடலில் மாண்டனர். பிரஜாவுரிமை பெற்றிருந்த மன்ரோவானி தொடர்ந்து இசைத்துக்கொண்டிருந்தார். இதற்காக அவரை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தன் இத்தாலியப் பெயரை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவும் இல்லை. யாரையும் உறுத்தாத ஓசையொன்றைத் தேடியதற்கு அந்த நாட்கள்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் மாட்டோம். ஆனால் 1961இல் வெளிவந்த அவரது 'இத்தாலியா மியா' தட்டைக் கேட்கும்போது, 'எனது இத்தாலி' என்ற அந்தத் தலைப்பின் கீழ் நாம் கேட்பது யாருடைய இத்தாலி என்ற கேள்வி எழுகிறது. ஏழு வயதிற் பெட்டி படுக்கையுடன் புறப்பட்ட பிள்ளையின் இத்தாலி அதில் இல்லை. கடலில் மாண்டவர்களின் இத்தாலியும் இல்லை. விடுமுறைக்குப் போகிறவர்களின் இத்தாலியே இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எமது விரல் எம்மையும் நோக்கித் திரும்புகிறது. புலம்பெயர்ந்த நாம் எழுதும் ஊர் ஞாபகங்களை எடுத்துப் பாருங்கள். பனங்கூடல், கோவில் திருவிழா, அம்மம்மாவின் ஒடியற்கூழ். ஒன்றின்மேல் ஒன்றாக வழிந்து இனிமையாகத்தான் இருக்கின்றன. அதே ஊரில் கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார், கிணற்றில் அள்ளவிடாமல் தடுக்கப்பட்டவர் யார், எம்மவர் கையாலேயே செத்தவர் யார் என்பது அந்த எதிரொலியிற் கேட்பதில்லை. பின்னணியில் ஓடவிட்டுச் சாப்பிடத்தக்க ஞாபகங்கள் இவை.

மன்ரோவானி 1980இல் காலமானார். அவருக்குச் சாட்டாவது உண்டு: வாழ்நாளெல்லாம் வாடிக்கையாளருக்காக வாசித்தவர் அவர். எமது எழுத்துக்கு எந்த வாடிக்கையாளர் இருக்கிறார்? யாருடைய சாப்பாடு குழம்பிவிடும் என்று நாம் பயப்படுகிறோம்?