காதால் வைத்த டைமிங்

பழைய புல்லட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு மெக்கானிக்கைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அளவுகோல் எதையும் தொடமாட்டார், சத்தத்தைக் கேட்டே டைமிங் வைப்பார். 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா புல்லட்டைச் செய்தது திருவொற்றியூரில் என்பதால், எங்கள் வட்டாரத்தில் இந்தக் கதைக்கு மவுசு அதிகம். நானும் நம்பினேன். ராயபுரத்தில் ஒரு பட்டறையில் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார்கள். ஐடிலில் தங்கமாக ஓடியது. மறுநாள் காலையில் கிக்கர் திருப்பி அடிச்சுது, கணுக்கால் வீங்கிப்போய் நாலு நாள் படுக்கை.

கோளாறு அவர் காதில் இல்லை, கேட்ட நேரத்தில். ஐடிலில் பாயின்ட் தட்டை அட்வான்ஸ் பக்கம் திருப்பத் திருப்ப எஞ்சின் வேகம் கூடும், சத்தமும் விறுவிறுப்பாகும். காது அதை "நல்லாருக்கு" என்றுதான் சொல்லும். உதைத்து ஸ்டார்ட் செய்யும்போதோ பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே தீப்பொறி விழுந்து அதைக் கீழே தள்ளிவிடும். ஓடும்போது ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் விரிந்து தம் பங்குக்கு இன்னும் முன்னே தள்ளும். மேம்பாலம் ஏறுகையில் 'கணகண'வென்று தட்டும் பாருங்கள், காதுக்கு வேலை அங்கேதான்.

சரி, புத்தகப்படி வைக்கலாமா? அட்வான்ஸ் எடைகள் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும் என்கிறது. எழுத எளிது. புல்லட்டின் பிளக் துளை சாய்வானது, உள்ளே விடும் ஸ்போக்கும் சாய்ந்தே நிற்கும். உச்சிக்கருகில் பிஸ்டன் அசைவதே கொஞ்சம்தான், அரை மில்லிமீட்டர் பிசகினாலே சில டிகிரி போச்சு. இதைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பாயின்ட் திறக்கும் நொடியைப் பிடிப்பது மட்டும் சுலபம். சாவியைப் போட்டால், பாயின்ட் மூடியிருக்கும்வரை ஆம்பியர் மீட்டர் ஊசி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், திறந்ததும் நடுவுக்கு வரும். அதற்கு முன்னால் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்துவிட வேண்டும். வரிசையை மாற்றி, டைமிங் வைத்தபின் இடைவெளியைக் கூட்டினால் பாயின்ட் சீக்கிரமே திறக்கும், வைத்த டைமிங் கெட்டுப்போகும். பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இதற்கு நேர்மாறு: இடைவெளி குறைந்து டைமிங் பின்னுக்குப் போகும். அப்போது தட்டும் சத்தம் வராது. வண்டி இழுக்காது, சூடாகும், அவ்வளவுதான். காதால் வைப்பவர்களுக்கு இது மாதக்கணக்கில் தெரியாமலே போகலாம்.

ஊசி நகர்வதை அந்தப் பட்டறைக்காரரிடமே காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குப்பா இவ்ளோ வேலை" என்றார்.